வெயில் வேலைக்குச் சட்டை எடுக்கிறீர்களா? காலர் லேபிளை நம்பாதீர்கள்

பெருந்துறைப் பக்கம் சின்ன அளவில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறேன். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுகிறவர் எல்லாம் சேர்த்து 12 பேர். மே 4 கத்திரி தொடங்குவதற்கு முன்னால் ஆளுக்கு இரண்டு முழுக்கைச் சட்டை எடுத்துக் கொடுப்பது என் வழக்கம். சித்தாள் பெண்களும் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்வார்கள், அதனால் அவர்களுக்கும் சேர்த்துத்தான் கணக்கு. இந்த வருடம் அதில் நன்றாக ஏமாந்தேன்.

வழக்கமாக எடுக்கும் கடை பூட்டியிருந்தது. ஈரோட்டில் ஜவுளிக் கடைகள் இருக்கிற தெருவில் நடந்துகொண்டிருந்தபோது ஒருவர் கூப்பிட்டார். “எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்ங்கண்ணா, நூத்துக்கு நூறு காட்டன். வெளியில 600 ரூபாய்க்குக் குறைஞ்சு கிடைக்காது.” விலை 180. கையில் கொடுத்த சட்டை உண்மையிலேயே நல்ல பருத்தி, கசக்கினால் சுருக்கம் அப்படியே நின்றது. காலரில் ‘ப்யூர் காட்டன்’ லேபிளும் இருந்தது. 24 சட்டைக்கு 4,320 ரூபாய் கொடுத்தேன். உள்ளேயிருந்து கட்டாகக் கட்டி எடுத்து வந்தார்கள், நானும் பிரித்துப் பார்க்காமல் வண்டியில் போட்டுக்கொண்டேன். என் முதல் தப்பு அது. இரண்டாவது, பில் என்று கொடுத்த சீட்டைப் படிக்காதது. ‘எஸ்டிமேட்’ என்று போட்டு எண்ணிக்கையும் தொகையும் மட்டும் எழுதியிருந்தது. கடைப் பெயர்கூட இல்லை.

அந்த வாரமே ஒரு தளம் போட்டோம். காங்கிரீட் போடுகிற நாளில் நடுவில் நிறுத்த முடியாது, தெரியும்தானே. காலை பத்து மணிக்கே எல்லார் முதுகிலும் சட்டை ஒட்டிக்கொண்டது. வியர்வை துணிக்குள் இறங்காமல் உள்ளேயே வழிந்து இடுப்பில் போய் நின்றது. கலவை சுமந்துகொண்டிருந்த அக்கா சட்டியைக் கீழே வைத்துவிட்டு, “மேஸ்திரி, கோவிச்சுக்காதீங்க, இதப் போட்டுக்கிட்டு ஆகாதுங்க” என்று சொல்லி, பையிலிருந்து அவர் வீட்டுக்காரரின் பழைய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. புதுத் துணி, கஞ்சி போனால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

மதியம் கம்பி கட்டுகிற பையன் மேல் பீடிப் பொறி ஒன்று விழுந்தது. பருத்தியாக இருந்தால் ஓரம் கருகி, தொட்டால் உதிரும். இதில் ஓட்டையைச் சுற்றிக் கறுப்பாகக் கெட்டியான விளிம்பு, உருகிய பிளாஸ்டிக் மாதிரி. இது பருத்தி இல்லை, பாலியஸ்டர் என்று அப்போதுதான் உறைத்தது.

சிப்காட்டில் நூல் மில்லில் வேலை செய்யும் என் மச்சானிடம் சாயங்காலம் சட்டையைக் காட்டினேன். உள்பக்கம் திருப்பி, பக்கத் தையலைப் பார்க்கச் சொன்னான். ஏற்றுமதிச் சட்டைகளில் துணியில் என்னென்ன கலந்திருக்கிறது, எப்படித் துவைப்பது என்று அச்சிட்ட சின்ன லேபிள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எங்கள் சட்டைகளில் அதைக் கத்தரித்து எடுத்திருந்தார்கள், அடிக்கட்டை மட்டும் தையலுக்குள் மாட்டியிருந்தது. காலர் லேபிள் பிறகு வைத்துத் தைத்தது. பருத்தி சாதாரணக் காற்றிலிருந்தே தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு ஈரத்தை வாங்கிக்கொள்ளும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது என்றான். விளையாட்டுக்காரர்கள் போடுவதும் பாலியஸ்டர்தானே என்று கேட்டேன். அது வியர்வையை வெளியே இழுத்து உலர்த்துவதற்கென்றே காற்றோட்டமாகப் பின்னியது, இது நெருக்கி நெய்த மலிவுத் துணி என்றான்.

மறுநாள் கடைக்குப் போனால், “ஸ்டாக் மாறிருச்சுங்கண்ணா” என்று தொடங்கி, “பாலியஸ்டர்னா கிழியவே கிழியாதே, உங்களுக்கு லாபம்தானே?” என்பதில் முடித்தார். பணம் திரும்பாது, வேண்டுமானால் அதே தொகைக்கு லெக்கிங்ஸ் எடுத்துக்கொள்ளலாமாம். காங்கிரீட் போடுகிறவனுக்கு லெக்கிங்ஸ்! 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். பில் விவரம் கேட்டார்கள். என்னிடம் இருந்தது அந்த எஸ்டிமேட் சீட்டுதான்.

இப்போது எந்தக் கடையானாலும், காட்டிய சட்டையை விட்டுவிட்டுக் கட்டுக்குள் கையை விட்டு நடுவிலிருந்து ஒன்றை உருவுகிறேன். பக்கத் தையலைத் திருப்பிப் பார்க்கிறேன். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, ஓரத்தில் நீளவாக்கில் ஒரு நூல், குறுக்குவாக்கில் ஒரு நூல் பிரித்து, வெளியே வந்து தீக்குச்சியில் காட்டுகிறேன். இரண்டையும் பார்க்க வேண்டும், ஒரு வாக்கில் மட்டும் பருத்தி நூல் ஓட்டி நெய்த துணியும் உண்டு. காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலானால் சரி. சுருண்டு உருகிக் கடுகு மாதிரிக் கெட்டியானால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஒன்று மட்டும், ரேயானும் பருத்தி மாதிரியேதான் எரியும், அதில் இந்தச் சோதனை பலிக்காது. நனைந்தால் ரேயான் வலு இழக்கும், கட்டட வேலைக்கு ஆகாது.

பிறகு வழக்கமான கடையிலேயே வெளிர் நிறப் பருத்திச் சட்டை, ஒரு அளவு பெரிதாக, 310 ரூபாய்க்கு எடுத்தேன். கையில் காசு குறைந்துவிட்டதால் ஆளுக்கு ஒன்றுதான் கொடுக்க முடிந்தது. பருத்தி நனைந்தால் சீக்கிரம் காயாது, மதியம் மாற்ற இன்னொன்று வேண்டும். அதற்கு அவரவர் வீட்டுப் பழைய சட்டையைக் கொண்டுவருகிறார்கள்.

அந்த 24 சட்டையும் சிமெண்டுக் கொட்டகையில் மூட்டையாகக் கிடக்கின்றன. டைல்ஸ் துடைக்கவாவது ஆகட்டும் என்று ஒன்றை எடுத்துக் கிழித்துப் பார்த்தோம். தண்ணீரை உறிஞ்சவில்லை, தள்ளிக்கொண்டு போகிறது.