இரட்டை விண்மீன் அளக்க மொட்டை மாடியா, வாடகைத் தொலைநோக்கியா?

அம்மி மிதித்து அருந்ததி பார்க்கும் ஊரில் இரட்டை விண்மீனுக்குத் தனி அறிமுகம் வேண்டாம். ஆனால் அருந்ததிக்குப் பக்கத்தில் நிற்கும் வசிட்டரே இரண்டு விண்மீன்கள் என்பது பலருக்குத் தெரியாது. நடுவில் சுமார் 14.4 ஆர்க் செகண்ட் இடைவெளி. ஒரு டிகிரியை 3600 கூறுபோட்டால் ஒரு கூறுதான் ஆர்க் செகண்ட். இந்த இடைவெளியையும், வடக்கில் தொடங்கிக் கிழக்காக எண்ணும் நிலைக்கோணத்தையும் அளப்பதுதான் வேலை.

இரண்டு வழிகளிலும் அளந்திருக்கிறேன். ஒன்று, கானாடுகாத்தான் வீட்டு மொட்டை மாடியில் 8 அங்குலத் தொலைநோக்கி. இன்னொன்று, ஸ்பெயினிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும் தொலைநோக்கியை நிமிடக் கணக்கில் வாடகைக்கு எடுத்து இங்கிருந்தே இயக்குவது.

நெருக்கமான, பிரகாசமான ஜோடி என்றால் மொட்டை மாடிதான். காரணம் எக்ஸ்போஷர், அதாவது ஒரு படத்துக்குக் கேமரா ஒளி வாங்கும் நேரம். காற்றின் அலைவு நொடிக்குப் பலமுறை விண்மீனைக் கலைத்துப் போடுகிறது. நம் கையில் கேமரா இருந்தால் 10 மில்லிசெகண்ட் வீதம் ஆயிரக்கணக்கில் படம் எடுத்து, காற்று அசையாத கணத்தில் விழுந்த சிலவற்றை மட்டும் பொறுக்கி அடுக்கலாம். 2032 மி.மீ. குவியத் தொலைவு, 3.75 மைக்ரான் பிக்சல் என்றால் ஒரு பிக்சலுக்கு 0.38 ஆர்க் செகண்ட் வரும். புனர்பூசத்தின் காஸ்டர் ஜோடிக்கு இடைவெளி 5 ஆர்க் செகண்ட் சொச்சம்தான். அது இதில் அழகாகப் பிரிந்து நிற்கும். வாடகைக் கருவிகள் பலவும் அகலமான வானத்தைப் படம் பிடிக்க அமைத்தவை. 1200 மி.மீ. குவியத் தொலைவில் 9 மைக்ரான் பிக்சல் இருந்தால் ஒரு பிக்சலே 1.55 ஆர்க் செகண்ட். காஸ்டர் மூன்று நான்கு பிக்சலில் ஒட்டிக்கொண்டு, போதாததற்கு வெளிச்சம் நிரம்பி வழியும். அந்தப் படத்தில் மையம் எங்கே என்று தேடுவது வீண்.

வடக்கு எது என்ற கேள்வியில் நிலைமை தலைகீழ். மாடியில் கேமராவைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் வானத்தோடு தொலைநோக்கியைத் திருப்பும் மோட்டாரை நிறுத்தி, விண்மீனைத் தானாக நகரவிட வேண்டும். அது போகும் கோடுதான் கிழக்கு மேற்கு. பொறுமை கேட்கும் வேலை. பக்கத்தில் யாராவது நடந்தால் கோடு நடுங்கும். அப்பத்தா காபி கொண்டுவந்த இரவுகளில் இதை நன்றாகவே உணர்ந்திருக்கிறேன். வாடகைப் படத்திலோ பின்னணி விண்மீன்களைக் கையா (Gaia) விண்கலம் அளந்த விண்மீன் அட்டவணையோடு மென்பொருள் ஒப்பிட்டு, அளவையும் திசையையும் சில நொடிகளில் சொல்லிவிடும். இந்த வசதி மாடியில் கிடைக்கவே கிடைக்காது என்பதில்லை, ஆனால் குறுகிய எக்ஸ்போஷரில் பின்னணி விண்மீன்களே விழாது.

அடுத்து வானம். செட்டிநாட்டில் பகலெல்லாம் வெயில் குடித்த தளம் இரவிலும் சூட்டைக் கக்கும். பத்து மணிக்கு முன் விண்மீன் கொதிப்பது போலத் தெரியும். நள்ளிரவு தாண்டினால்தான் அடங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் வாடகைத் தொலைநோக்கி இல்லாமல் எனக்கு வேலையே ஓடாது.

மங்கலான, அகன்ற ஜோடிகளுக்கும் அதுவேதான். அமெரிக்கக் கடற்படை வானாய்வகம் பேணும் வாஷிங்டன் இரட்டை விண்மீன் அட்டவணையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஜோடிகள் இருக்கின்றன. பல வருடங்களாக யாரும் திரும்ப அளக்காதவையும் அதில் உண்டு. 12, 13 ஒளியளவுள்ள (எண் கூடக்கூட மங்கல்) அந்த ஜோடிகளுக்கு ஒரு நிமிட எக்ஸ்போஷர் தேவை. இருண்ட பாலைவன வானமும் தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் நல்ல மவுண்ட்டும் அதைத் தரும். என் மாடி தராது.

ஆல்பா சென்டாரியை மட்டும் நான் வெளியூருக்கு விட்டுக்கொடுப்பதில்லை. 1689-ல் ரிஷோ பாதிரியார் அது இரட்டை என்று கண்டது நம் பக்கத்துப் புதுச்சேரியில். காரைக்குடிப் பக்கம் அது உச்சத்திலேயே 19 டிகிரிதான் ஏறும். கனத்த காற்றில் நிறம் பிரிந்து தெரியும். ஆஸ்திரேலியாவில் 60 டிகிரிக்கு ஏறும், ஆனால் நீண்ட எக்ஸ்போஷர் கேமராவுக்கு அது அளவுக்கு மீறிய வெளிச்சம். எனவே மே மாத இரவுகளில் சிவப்பு வடிகட்டி போட்டு மாடியிலேயே எடுக்கிறேன். சுமார் 80 வருடச் சுற்று என்பதால் சில வருட இடைவெளியில் எடுத்த அளவுகளிலேயே நகர்வு தெரிகிறது.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்பவருக்கு நான் சொல்வது மாடிதான். இரண்டும் முடிந்தால் ஜனவரி முதல் மே வரை காஸ்டரையும் கன்னியில் இருக்கும் பொரிமாவையும் மாடியில் அளந்துவிட்டு, மங்கல் ஜோடிகளின் பட்டியலை ஐப்பசி மழைக்கு ஒதுக்கி வையுங்கள்.