டவுன் ஹில் மிஸ்டில் எந்த ஃபாக் லைட் உதவும்?

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் நார்த்டேல் பக்கம் இருப்பவர்களுக்கு டவுன் ஹில் ஏற்றத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஊருக்குள் வானம் தெளிவாக இருக்கும், நட்சத்திரம்கூடத் தெரியும். என்3 சாலையில் ஏறத் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகாது, ஹில்டன் நெருங்கும்போது முன்னால் போய்க்கொண்டிருந்த லாரியையே காணோம். ஊர் சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஹில்டன் சுமார் 1,100. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அந்தச் சரிவில் ஏறி, குளிர்ந்து, அங்கேயே மேகமாகிவிடுகிறது. மிஸ்ட் என்று நாம் சொல்வது, மேகத்துக்குள் வண்டி ஓட்டுவதைத்தான்.

ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலிருந்து என் மச்சான் குடும்பம் ஒவ்வொரு புனித வெள்ளிக்கும் டர்பன் பக்கம் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு வருவார்கள். பிள்ளைகள் தூங்கிக்கொண்டே வரட்டும் என்று ராத்திரியில்தான் புறப்படுவார்கள். வான் ரீனென் கணவாயில் ஒரு மிஸ்ட், மிட்லண்ட்ஸில் இன்னொன்று, கடைசியில் ஹில்டன். போன தடவை வந்து இறங்கியதும் கை நடுங்க டீ குடித்துக்கொண்டே, "அத்தான், நல்ல ஃபாக் லைட்டா ஒண்ணு சொல்லுங்க, மாட்டிடறேன்" என்றான். மிஸ்டில் சாலையைக் காட்ட வண்டி முன்னால் தாழ்வாக மாட்டும் விளக்கைத்தான் கேட்டான். கடையில் கேட்டால் எது விலை அதிகமோ அதைத்தான் காட்டுவார்கள். அதனால் நான்கு வண்டிகளைச் சேர்த்து நாங்களே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

நான்கு வண்டி இவை: என் பழைய கொரோலா, பம்பருக்குள் எச்11 ரக ஹாலஜன் (கம்பிச்சுருள் பல்பு) ஃபாக் லைட். அக்கா மகனின் கார், அதே மாதிரி ஹாலஜன் கூட்டுக்குள் எல்.இ.டி பல்பு செருகியது. நண்பரின் வண்டியில் எல்.இ.டி.க்கென்றே முழுசாகச் செய்த ஃபாக் லைட். பக்கத்து வீட்டு மாமாவின் பக்கியில் (பிக்அப் வண்டி) கூரை மேல் நீளமான எல்.இ.டி பார்.

முதலில் பார் லைட். சாதாரண இரவில் பண்ணைச் சாலையில் அது பகலாக்கிவிடும், மறுக்க முடியாது. மிஸ்டில் போட்டதும் கண்ணாடிக்கு முன்னால் வெள்ளைத் துணியை விரித்த மாதிரி ஆனது. பானட்டின் முனைகூட மங்கிவிட்டது. வெளிச்சம் நம் கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே கிளம்புகிறது, கண்ணுக்கு நேரே இருக்கும் பனித்துளி ஒவ்வொன்றும் அதைத் திருப்பி நம் மேலேயே அடிக்கிறது. ஹை பீம் போட்டால் கண் கூசுவதும் இதே காரணத்தால்தான். மாமா தானாகவே கையை நீட்டி அணைத்துவிட்டார். மிஸ்டுக்கு அது ஆகாது, அவ்வளவுதான்.

அடுத்து அக்கா மகனின் எல்.இ.டி பல்பு. நம் ஊரில் இப்போது அதிகம் விற்பது இதுதான், நான் அதிகம் கவலைப்படுவதும் இதைப் பற்றித்தான். கோயில் மண்டபத்தின் வெள்ளைச் சுவர் முன்னால் ஏழரை மீட்டர் தள்ளி வண்டிகளை நிறுத்திப் பார்த்தோம். என் ஹாலஜன் விளக்கு சுவரில் அகலமாக, படுத்த மாதிரி ஒரு பட்டை போட்டது. பட்டைக்கு மேலே கத்தியால் வெட்டியது போல் இருட்டு. அந்தக் கோட்டில்தான் ஃபாக் லைட்டின் உயிரே இருக்கிறது. அவன் வண்டியில் கோடே இல்லை. நடுவில் ஒரு பெரிய வெள்ளைக் குட்டை, அதன் மேல்பக்கம் கூரை வரை சிதறல். ஹாலஜனில் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று குறிப்பிட்ட இடத்தில் நின்று எல்லாப் பக்கமும் ஒளி விடுகிறது, பின்னால் இருக்கும் கிண்ணத்தை அதற்கென்றே கணக்குப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். எல்.இ.டி பல்பிலோ இரண்டு பக்கமும் தட்டையான சில்லுகள்தான். இடம் இம்மி மாறினாலும் ஒளி எங்கோ போய்விடும். ஓட்டுபவனுக்குத் தன் வண்டி முன்னால் பளிச்சென்று தெரிவதால் நல்ல விளக்கு என்றே நினைப்பு. எதிரே வருபவன் கண்ணைச் சுருக்குவது அவனுக்குத் தெரியாது. அக்கா மகன் அன்றைக்கே பழைய பல்பைத் திரும்பப் போட்டுவிட்டான்.

எல்.இ.டி என்றாலே மோசம் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. நண்பரின் விளக்கில் சில்லும் கிண்ணமும் லென்ஸும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்யப்பட்டவை. சுவரில் அதன் கோடு என் ஹாலஜனைவிடக் கூர்மையாகவே விழுந்தது. மின்சாரமும் குறைவு, பல்பு மாற்றும் வேலையும் இல்லை. குறை ஒன்றுதான்: உள்ளே ஏதாவது கெட்டால் முழு விளக்கையே மாற்ற வேண்டும். வாங்கும்போது கண்ணாடியில் வட்டத்துக்குள் ஈ (E) எழுத்தும், பக்கத்தில் பி (B) அல்லது எஃப்3 (F3) என்ற குறியும் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்க ஃபாக் லைட்டாகச் சோதித்து ஒப்புதல் கொடுத்ததற்கான அடையாளம் அது. குறி இல்லாதது எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் வேண்டாம்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பம்பரில் ஏற்கெனவே ஃபாக் லைட்டுக்கு இடம் இருந்தால், அந்த வண்டிக்கான ஹாலஜனே போதும், செலவும் குறைவு. புதிதாகவே மாட்டுவதென்றால் குறி உள்ள முழு எல்.இ.டி விளக்கு.

அப்புறம், மஞ்சளா வெள்ளையா என்ற பழைய வழக்கு. மஞ்சள் ஒளி பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்று தாத்தா காலத்திலிருந்து சொல்கிறார்கள். பிரான்ஸில் 1936-இல் சட்டம் போட்டு, 1993 வரை ஹெட்லைட்டே மஞ்சளாகத்தான் இருந்தது. ஆனால் பனித்துளி ஒளியலையைவிடப் பல மடங்கு பெரியது, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். துளைப்பது என்ற பேச்சுக்கு இடமில்லை. நீலம் குறைவதால் கண் கூச்சம் குறைகிறது, நீண்ட தூரத்தில் அது பெரிய நிம்மதிதான். ஹில்டனில் மஞ்சள் மூடி மாட்டிப் பார்த்தபோது எனக்கு ஒரு சங்கடம் வந்தது. நம் சாலையில் இடப்பக்க ஓரக்கோடு மஞ்சள், தடம் பிரிக்கும் கோடு வெள்ளை. மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டும் ஒரே நிறமாகத் தெரிந்தன. மிஸ்டில் நான் பிடித்துக்கொண்டு போவதே அந்த மஞ்சள் கோட்டைத்தான். அதனால் எனக்கு வெள்ளை.

மாட்டுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். முதல் தடவை ஒரு கடையில் ரிலே (ஸ்விட்சின் சிறு மின்சாரத்தை வைத்து விளக்கின் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சின்னப் பெட்டி) வைக்காமல் ஸ்விட்ச் வழியாகவே நேரே இழுத்துக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு 55 வாட் பல்பு என்றால் 9 ஆம்பியருக்கு மேல் ஓடும். சரியாக மிஸ்டுக்குள் நுழைந்த நேரம் டேஷ்போர்டிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாசனை. பிரித்துப் பார்த்தால் ஸ்விட்சின் கால் பழுப்பேறி, வயரின் உறை உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே 15 ஆம்பியர் ஃப்யூஸ், அங்கிருந்து ரிலேயில் 30 என்று எண் போட்ட கால், விளக்குக்கு 87, ஸ்விட்சிலிருந்து 86, வண்டியின் இரும்புப் பாடிக்கு 85. மெக்கானிக் முடித்ததும் ரிலே எங்கே என்று காட்டச் சொல்லுங்கள்.

விளக்கு தரையிலிருந்து 25 செ.மீ.க்குக் கீழே போகக் கூடாது, ஹெட்லைட்டுக்கு மேலேயும் ஏறக் கூடாது. சுவர்ச் சோதனையில் விளக்கின் நடுமட்டத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, ஏழரை மீட்டரில் ஒளியின் மேல்கோடு அதற்கு 10 செ.மீ. கீழே விழும்படி திருகைத் திருப்ப வேண்டும். டிக்கியில் சாமான் ஏற்றினால் மூக்கு தூக்கும், மறுபடி பாருங்கள்.

காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் பின்பக்கச் சிவப்பு ஃபாக் லைட்டைத்தான் முதலில் சரிசெய்யச் சொல்வேன். டவுன் ஹில்லில் உயிரெடுப்பது பின்னால் வரும் சுமை லாரி. சாதாரண டெயில் லைட்டைவிடப் பத்து மடங்குக்கு மேல் பிரகாசம் அதற்கு. பல வண்டிகளில் அது ஏற்கெனவே இருக்கிறது, ஓட்டுபவருக்கு ஸ்விட்ச் எதுவென்று தெரியாது. முன்பக்கம் எரிந்தால் டேஷ்போர்டில் பச்சைக் குறி, பின்பக்கத்துக்கு மஞ்சள் குறி. ஒரே ஒரு விளக்கு ஓட்டுநர் பக்கம் எரிந்தால் பல்பு போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், பல வண்டிகளில் அமைப்பே அப்படித்தான். இது இருக்கும்போது ஓடிக்கொண்டே ஹசார்ட் (நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுவது) போடாதீர்கள், தடம் மாறுவதைக் காட்ட வழியில்லாமல் போகும்.

மிஸ்ட் தாண்டியதும் இரண்டையும் அணைத்துவிட வேண்டும். பனி, மிஸ்ட், தூசி, புகை இவற்றால் பார்வை குறையும்போது மட்டுமே ஃபாக் லைட் எரியலாம் என்பது இங்குள்ள சாலை விதி. தோங்காட் பக்கம் கரும்பு கொளுத்தும் புகையும் அதில் அடங்கும்.

மச்சானிடம் கடைசியாகச் சொன்னது வேகம் பற்றி. ஃபாக் லைட் காட்டுவது வண்டிக்கு முன்னால் கொஞ்ச தூரம்தான். 60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 17 மீட்டர் தாண்டுகிறது. ஈரச் சாலையில் நிற்க அதைப்போல மூன்று மடங்கு தூரம் சாதாரணமாக வேண்டும். "அப்போ விளக்கு மாட்டியும் மெதுவாத்தான் போகணுமா அத்தான்?" என்றான். ஆமாம் என்றேன். இந்த ஈஸ்டருக்கு மாலை நாலு மணிக்கே புறப்படுகிறார்கள், ராத்திரி வான் ரீனென் கணவாய்க்கு முன்னால் இருக்கும் ஹாரிஸ்மித்தில் தங்கல்.