வெளிமாநிலக் கறிவேப்பிலைக் கன்று: 280 டாலர் போச்சு, நீங்களும் ஏமாறாதீர்கள்

கலிபோர்னியாவில் இருக்கும் நம்மவர்கள் யாரும் வெளிமாநிலத்திலிருந்து ஆன்லைனில் கறிவேப்பிலைக் கன்று வரவழைக்காதீர்கள். நான் கட்டிய 280 டாலர் போனது போனதுதான். நேற்று இரவுதான் கன்று வாங்கிய இணையச் சந்தையிலிருந்து "உங்கள் புகார் முடிக்கப்பட்டது" என்று மெயில் வந்தது. ஆத்திரத்தில் தூக்கமே வரவில்லை.

செடி விற்கும் ஓர் இணையச் சந்தையில் புளோரிடாக்காரர் ஒருவர் இடுப்புயரக் கன்று 70 டாலர் என்று போட்டிருந்தார். எனக்கும் மூன்று தோழிகளுக்குமாக நான்கு கேட்டேன். பணம் கட்டும் முன்பே தெளிவாகக் கேட்டேன்: கலிபோர்னியாவுக்குக் கறிவேப்பிலை அனுப்பக் கட்டுப்பாடு இருக்கிறதே, பூச்சி, நோய் இல்லை என்ற அரசுச் சான்றிதழ் வைத்திருக்கிறீர்களா? தமிழிலேயே பதில் வந்தது. "அக்கா, அதெல்லாம் பக்காவா இருக்கு. வாராவாரம் பே ஏரியாவுக்கு அனுப்பிட்டுத்தான் இருக்கேன். கவலைப்படாதீங்க." கூடவே ஒரு வீடியோ. வேர்மண்ணைச் சுற்றி ஈரத்துணி, அதன்மேல் பிளாஸ்டிக் உறை, உச்சியில் இளந்தளிர். "நம்ம ஊர்ச் செடிக்கா, பிள்ளை மாதிரி அனுப்புவேன்" என்றார். அந்த ஒரு பேச்சில்தான் 280 டாலரையும் கட்டினேன்.

செடி வரவில்லை. கவுன்ட்டி வேளாண் அலுவலகத்தின் நிராகரிப்பு நோட்டீஸ் வந்தது, என் பெயருக்கு! பார்சல் நிலையத்தில் மோப்ப நாய் கண்டுபிடித்திருக்கிறது. இங்கே வரும் செடிப் பெட்டியின்மேல் உள்ளே என்ன இருக்கிறது, எங்கே வளர்ந்தது என்று எழுதியே ஆக வேண்டும். அந்த ஆள் எழுதியிருந்தது "வீட்டு அலங்காரப் பொருள்". சான்றிதழ் என்று ஒரு துண்டுத்தாள்கூட உள்ளே இல்லை. நான்கையும் அழித்துவிட்டார்கள்.

அழித்தவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆசிய சிட்ரஸ் சில்லிட் என்ற பூச்சிக்குக் கறிவேப்பிலை மிகப் பிடித்த இடம். 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். தலையைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு தளிரில் உட்காரும். அதுதான் ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களுக்குப் பச்சைக்காய் நோயைக் (காய் சரியாகப் பழுக்காமல், மரமே பட்டுப்போகும் நோய்) கொண்டுபோகிறது. மருந்தே கிடையாது. புளோரிடாவில் 2005இல் தெரிந்த நோய் இது. 2003-04இல் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு எடுத்த மாநிலம் 2023-24இல் 2 கோடியைக்கூடத் தொடவில்லை. கலிபோர்னியாவிலும் 2012இல் நுழைந்துவிட்டது. இது தெரிந்தே, பொய் லேபிள் ஒட்டி அனுப்புகிறான் ஒருவன்!

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் "அக்கா" காணாமல் போய்விட்டது. "நான் அனுப்பிட்டேன் மேடம், பிடிச்சது உங்க ஸ்டேட். அவங்களைக் கேளுங்க." அதற்கப்புறம் பதிலே இல்லை. இணையச் சந்தையோ, பார்சல் உங்கள் ஊர் நிலையத்துக்கு வந்து சேர்ந்ததாகக் காட்டுகிறது, அரசு பறிமுதல் செய்த பொருளுக்கு, பணத்தைத் திருப்பித் தரும் எங்கள் பாதுகாப்பு பொருந்தாது என்றது. நோட்டீஸின் படத்தை அனுப்பினேன். அதே வரியை வேறு பெயரில் ஒருவர் திரும்ப அனுப்பினார். 280 டாலர் உங்களுக்குச் சில்லறையாக இருக்கலாம், எனக்கு இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். 2000ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி, லாப நோக்கமில்லாமல் முதல் முறை மீறும் தனிநபருக்கே 1,000 டாலர் வரை அபராதம் போடலாம். மற்றபடி தனிநபருக்கு 50,000, நிறுவனத்துக்கு ஒரு மீறலுக்கு 2,50,000 டாலர் வரை. இவை சட்டத்தில் எழுதிய தொகைகள், விலைவாசிக்கேற்ப ஏற்றிக்கொண்டே வருகிறார்கள். தெரிந்தே விற்பனைக்கு அனுப்பினால் 5 ஆண்டு வரை சிறை. விற்றவன் கையில் என் 280 டாலர், நோட்டீஸில் என் பெயர். இது என்ன நியாயம்?

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. சான்றிதழின் படம் கைக்கு வராமல் ஒரு சென்ட்டும் கட்டாதீர்கள். "பெட்டியில் வேறு பெயர் போட்டு அனுப்புறேன்" என்றால் அந்த நிமிடமே விலகுங்கள். கன்று வேண்டுமென்றால் உரிமம் பெற்ற உள்ளூர் நர்சரியில் மட்டும் வாங்குங்கள். வீடு மாறும்போது லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துச் செடியைக் காரில் ஏற்றிக்கொண்டு வராதீர்கள், மாநிலத்துக்குள்ளேயும் தடை உண்டு. ஊரிலிருந்து பெட்டியில் இலை கொண்டுவருவதும் வேண்டாம்.

அந்த விளம்பரம் இன்றும் அப்படியே இருக்கிறது. அமெரிக்க வேளாண் துறையின் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு எல்லா ஸ்கிரீன்ஷாட்டையும் அனுப்பிவிட்டேன். இதே மாதிரி யாராவது ஏமாந்திருந்தால் நீங்களும் அனுப்புங்கள்.