தானியங்கி இயங்குதளப் புதுப்பிப்பை அணைத்து வைத்த ஆண்ட்ராய்டு கைப்பேசி: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

நடுத்தர விலையில் வாங்கிய ஆண்ட்ராய்டு கைப்பேசியைச் சில ஆண்டுகளாகத் தானியங்கிப் புதுப்பிப்பு இல்லாமல் பயன்படுத்தி வருகிறேன். புதிய பதிப்பு தானாக ஏறிய மறுநாளிலிருந்து, இரவு வரை தாங்கிய பேட்டரி மாலைக்குள் தீரத் தொடங்கியதே அதற்குக் காரணம். பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டுமானால், பெரும்பாலான கைப்பேசிகளில் பூட்லோடரை (கைப்பேசியை இயக்கும்போது இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் மென்பொருளை) திறந்து உள்ளிருக்கும் தரவு முழுவதையும் இழக்க வேண்டும். சிலவற்றில் அந்த வழியும் அடைக்கப்பட்டிருக்கிறது. திரும்ப முடியாத மாற்றம் என்றால், அது எப்போது நடக்க வேண்டும் என்பதையாவது வாங்கியவர் முடிவு செய்வதுதானே முறை?

செட்டிங்ஸில் பில்ட் நம்பரை (இயங்குதளப் பதிப்பின் எண்ணை) ஏழு முறை தட்டினால், மறைந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பக்கம் திறக்கும். தானியங்கிப் புதுப்பிப்பை அணைக்கும் 'ஆட்டோமேட்டிக் சிஸ்டம் அப்டேட்ஸ்' விசை அங்கே இருக்கிறது. சில நிறுவனங்களின் கைப்பேசிகளில், வைஃபையில் தானாகப் பதிவிறக்கும் வசதியைச் சாஃப்ட்வேர் அப்டேட் பக்கத்தில் தனியாக அணைக்க வேண்டும். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்திருந்தால் சில வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

இதை அணைத்துவிட்டால் கைப்பேசியில் எதுவுமே மாறாது என்று நினைக்க வேண்டாம். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், இயங்குதளத்தின் சில பகுதிகளைக் கூகுள் பிளே வழியாகவே கூகுள் புதுப்பிக்கிறது. செயலிகளுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் வெப்வியூ என்ற பகுதியும் பிளே ஸ்டோர் வழியாகவே வருகிறது. 2021 மார்ச்சில் அதிலிருந்த கோளாறால் உலகெங்கும் செயலிகள் திறந்தவுடன் மூடிக்கொண்டபோது, இயங்குதளப் புதுப்பிப்பை நிறுத்தி வைத்திருந்தவர்களுக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் கிடைத்திருக்காது.

எனக்குள்ள உண்மையான குறை வேறு. 2015இல் ஸ்டேஜ்ஃப்ரைட் என்னும் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்ட பிறகு, கூகுள் பொதுவாக மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களையும் அவை அடைக்கும் ஓட்டைகளின் பட்டியலையும் வெளியிடுகிறது. பட்டியல் எல்லோர் கண்ணுக்கும் தெரிவதால், திருத்தத்தை நிறுவாத கைப்பேசியின் பலவீனம் தாக்க நினைப்பவருக்கும் தெரிந்துவிடுகிறது. ஐஃபோனில் ஐஓஎஸ் 16 முதல் அவசரப் பாதுகாப்புத் திருத்தங்களுக்குத் தனி விசை இருந்தது. என் கைப்பேசியிலோ மாதாந்திரத் திருத்தத்துக்கும் முழுப் பதிப்பு மாற்றத்துக்கும் ஒரே விசைதான்.

ஆகவே மாதாந்திரத் திருத்தம் வந்த வாரத்துக்குள், படங்களைக் காப்புப்பிரதி எடுத்து, போதிய சார்ஜ் இருக்கும்போது நானே நிறுவிக்கொள்கிறேன். பதிப்பு மாற்றம் என்றால், அதே மாடலை வைத்திருப்பவர்கள் சொல்வதைப் படித்து, முதல் பிழைதிருத்தம் வரும் வரை தள்ளி வைக்கிறேன். இடையில் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு மட்டும் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். அதை நிரந்தரமாக நிறுத்தும் வழி என் கைப்பேசியில் இல்லை.