சுங்கை சிப்புட்டில் ஹார்ன் மாட்டப் போகிறவர்களுக்கு

மூன்று மாதத்துக்கு முன் என் பழைய புரோட்டோன் சாகா காருக்கு இரட்டை நத்தை ஹார்ன் (நத்தை ஓடு போலச் சுருண்ட, சத்தம் கூடிய ஜோடி ஹார்ன்) மாட்டினேன். தோட்டத்துச் சாலை வளைவுகளில் செம்பனைக் குலை லாரிகள் எப்படி வரும் என்று இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டணத்துப் பட்டறை ஒன்றில் கூலியோடு 120 வெள்ளி (ரிங்கிட்). அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டு வாரம் நன்றாகக் கத்தியது. ஒரு மழைக்குப் பிறகு தவளை போல முனகல்தான். திரும்பப் போனேன். போமன் (பட்டறை மெக்கானிக்) பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. ஸ்டீரிங்கை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "உள்ளே ஸ்பைரல் கேபிள் போச்சு அண்ணே, 280 ஆகும்" என்றார். ஸ்டீரிங் சுற்றும்போது கூடவே சுருண்டு விரியும் ஒயர்ச் சுருள்தான் அது. கொடுத்தேன். பழைய கேபிளைக் கேட்டால் குப்பையில் போட்டாயிற்றாம். நாலு நாள் வெயிலில் ஹார்ன் சரியாக இருந்தது. அடுத்த மழையில் மறுபடியும் அதே தவளை.

பக்கத்து வீட்டு மாமா தோட்டத்து மில்லில் ஒயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னை பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டு ஃபியூஸ் பெட்டி அருகே காதை வைத்தார். ரிலே (சின்னக் கரண்டு தட்டினால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) 'டிக்' என்றது. "ரிலே பேசுதுன்னா ஸ்டீரிங் பக்கம் சுத்தம். அந்தக் கேபிளில் ரிலேயைத் தட்டி எழுப்பும் சின்னக் கரண்டுதான் போகும். அது அறுந்தால் ஹார்ன் முனகாது, ஊமையாகிவிடும்" என்றார். ஏர்பேக் ஒயரும் அதே கேபிள் வழியாகத்தான் போகிறது. கேபிள் போயிருந்தால் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்திருக்கும், என் காரில் ஒருநாளும் அப்படி எரிந்ததில்லை. இதை நானே யோசித்திருக்கலாம்.

மீட்டர் வைத்தார். பேட்டரியில் 12.6 வோல்ட். பட்டனை அழுத்தியபடி ஹார்ன் முனையில் 9கூட இல்லை. பம்பருக்குப் பின்னால் பார்த்தால் வயிறு எரிந்தது. கம்பெனி போட்ட மெல்லிய ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றி, இரண்டு ஹார்னையும் அதிலேயே தொங்கவிட்டிருக்கிறார்கள். உள்ளே பச்சைப் பாசி போலச் செம்பு அரித்திருந்தது. மைனஸ் ஒயரை பெயிண்ட் மேலேயே போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். எர்த் கிடைக்க இரும்பு தெரியும்வரை சுரண்ட வேண்டாமா?

மாமா தனி ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் இழுத்து, பேட்டரி பக்கத்திலேயே ஒரு ஃபியூஸும் போட்டார். பழைய ஹார்ன் ஒயர் இப்போது அந்த ரிலேயை எழுப்ப மட்டும்தான். சாமான் செலவு 35 வெள்ளி. கூலி வாங்க மாட்டேன் என்றார், ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் டீ) மட்டும் குடித்தார்.

பட்டறைக்குப் போய்க் கேட்டேன். "அப்போ கேபிளும் போயிருந்துச்சு அண்ணே" என்கிறார். ரசீதில் 'ஸ்டீரிங் வேலை 280' என்று மட்டும் இருக்கிறது, என்ன மாற்றினார்கள் என்றே இல்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுப் போட 5 வெள்ளிதான் கட்டணம். மனுப் பாரம் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த மொட்டை ரசீதை வைத்து எவ்வளவு தூரம் போக முடியுமோ பார்க்கிறேன். உங்கள் காரை அங்கே விட்டால் பழைய சாமானைக் கையில் வாங்காமல் காசை எடுக்காதீர்கள்.