காரைக்குடியில் இரண்டு நாள் வேதபாட வகுப்பு: ஒரு மதிப்புரை

சபைக்குள் எழும் பிரிவினைகளையும் கள்ள உபதேசங்களையும் விசுவாசிகள் எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும் என்பதை மட்டுமே பொருளாகக் கொண்டு, காரைக்குடியில் சிலர் சேர்ந்து நடத்திய இரண்டு நாள் வேதபாட வகுப்பில் கலந்துகொண்டேன். காலைப் பலகாரம், மதியச் சாப்பாடு, கைப்பிரதி எல்லாவற்றுக்கும் சேர்த்து 400 ரூபாய் வாங்கினார்கள். இதைப் பற்றி எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் எழுப்புதல் கூட்டங்களுக்கும் விடுதலைப் பெருவிழாக்களுக்கும் குறைவில்லை. ஆனால் கேட்ட பிரசங்கத்தை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று உட்கார்ந்து கற்றுக்கொடுப்பவர்கள் மிகக் குறைவு.

வகுப்பு நடந்த இடம் வாடகைக்கு எடுத்த ஒரு பழைய நகரத்தார் வீடு. வளவு என்னும் நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஜமுக்காளம் விரித்து, முதியவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். மின்விசிறிகள் போதவில்லை என்றாலும் வளவுக் காற்றுக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. வந்திருந்த நாற்பது பேரில் தென்னிந்தியத் திருச்சபையாரும் லுத்தரன் சபையாரும் பெந்தெகொஸ்தே சபையாரும் இருந்தார்கள். பாடம் நடத்தியவர் இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். ஒலிபெருக்கி இல்லாமலே நிதானமாகப் பேசினார்.

முதல் நாள் காலையில் அவர் எடுத்துக்கொண்டது பவுல் தீத்துவுக்கு எழுதின நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் வரும் ஒரே ஒரு சொல். நம்முடைய தமிழ் வேதாகமத்தில் ‘வேதப்புரட்டன்’ என்று இருக்கும் இடத்தில், கிரேக்க மூலத்தில் உள்ள ‘ஹைரெடிகோஸ்’ என்னும் சொல் கட்சி கட்டிச் சபையைப் பிளப்பவனைக் குறிப்பது என்றும், தவறான போதனையும் பிரிவினையும் இரண்டு தனித்தனி நோய்கள் என்று நாம் எண்ணினாலும் அப்போஸ்தலர் காலத்தில் அவை ஒரே சொல்லில் அடங்கியிருந்தன என்றும் விளக்கினார். அப்படிப்பட்டவனுக்கும் ‘இரண்டொருதரம்’ புத்தி சொன்ன பிறகே விலக வேண்டும் என்று பவுல் வரிசை வைத்திருப்பதையும், மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் முதலில் தனியாக, பிறகு இரண்டொருவரோடு, அதன்பின் சபையாரிடம் என்று படிப்படியாகச் சொல்லியிருப்பதையும் அருகருகே வைத்துக் காட்டியபோது, நாம் எத்தனை முறை முதல் படியைத் தாண்டி நேரே வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டோம் என்று பலர் முகத்திலும் தெரிந்தது.

அப்பொல்லோவின் கதையை அவர் சொன்ன விதம் எனக்கு மிகவும் பிடித்தது. எபேசுவின் ஜெப ஆலயத்தில் யோவானுடைய ஸ்நானத்தை மாத்திரம் அறிந்தவனாய்ப் பேசிக்கொண்டிருந்த அந்தச் சொல்வல்லவனை, ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூட்டத்தின் நடுவே எழுந்து மறுத்துப் பேசவில்லை. தங்களோடு சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திட்டமாய் விவரித்துக் காண்பித்தார்கள் என்று அப்போஸ்தலர் 18-இல் வாசிக்கிறோம். குறைவாக அறிந்து தவறுகிறவனை ஒருவிதமாகவும், அறிந்தே ஆட்களைத் தன் பின்னால் இழுத்துக்கொள்கிறவனை வேறுவிதமாகவும் நடத்த வேண்டும் என்பதுதான் இரண்டு நாளும் ஓடிய சரடு.

மதியத்துக்கு முன் ஒரு பயிற்சி வைத்தார்கள். ஆறு ஆறு பேராக உட்காரவைத்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கட்டுச் சீட்டுகள் கொடுத்தார்கள். ‘குமாரன் பிதாவினால் படைக்கப்பட்டவர்’, ‘முழுக்கு ஞானஸ்நானமே ஞானஸ்நானம்’, ‘பெண்கள் நகை அணியக் கூடாது’, ‘வருகையின் நாள் எனக்கு வெளிப்படுத்தப்பட்டது’, ‘விசுவாசமுள்ளவன் மாத்திரை சாப்பிட வேண்டியதில்லை’ என்று சீட்டுக்கு ஒரு வாக்கியம். எதற்காக ஒரு சபையை விட்டு வெளியேறலாம், எதில் சபைக்குச் சபை மாறுபட்டாலும் சகோதரராகவே இருக்கலாம், எதை ரோமர் 14-ஆம் அதிகாரம் சொல்வதுபோல் அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிடலாம் என்று மூன்றாகப் பிரித்து அடுக்க வேண்டும். எங்கள் குழுவில் நகைச் சீட்டு மட்டும் கால்மணி நேரம் கைமாறிக்கொண்டே இருந்தது. தாலியைக் கூடக் கழற்றி வைத்த பெந்தெகொஸ்தே சபை அக்காவும், கழுத்து நிறையப் போட்டுக்கொண்டு வந்திருந்த தேவகோட்டை அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். முடிவில் அந்த அக்காவே சீட்டை எடுத்து மூன்றாவது அடுக்கில் வைத்து, “நான் போட மாட்டேன், அதற்காக அம்மாவை விட்டு விலகவும் மாட்டேன்” என்றார்.

மாத்திரைச் சீட்டை நான்தான் முதல் அடுக்கில் வைத்தேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊருக்கு வந்து ஜெபக்கூட்டம் நடத்திய ஒருவர் இதே வார்த்தையைச் சொல்லக் கேட்டு, என் பெரியம்மா சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். ஆறே மாதத்தில் இடது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. ‘உன் விசுவாசம் போதவில்லை’ என்று அந்த மனிதர் ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினார். பெரியம்மா அன்றிலிருந்து எந்தச் சபைக்கும் போவதில்லை.

இரண்டாம் நாள் சரித்திரம். பழைய ஏற்பாட்டையே தள்ளிவிட்ட இரண்டாம் நூற்றாண்டுப் போதகன் மார்சியோன் ரோமாபுரிச் சபைக்குக் கொடுத்திருந்த 2,00,000 செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) காணிக்கையை, அவனுடைய உபதேசம் இன்னதென்று தெரிந்து அவனை விலக்கியபோது சபையார் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று ஆதிச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதியிருக்கும் செய்தி கேட்டவர்களை நிமிர்ந்து உட்காரவைத்தது. குமாரன் படைக்கப்பட்டவர் என்ற அரியுவின் போதனையை 325-இல் பேராயர்கள் கூடிய நிசேயா சங்கம் மறுத்த பிறகும் அந்த வழக்கு ஓயாமல், 381-இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் கூடும்வரை இழுத்தது என்பதையும் சொன்னார். ஒரே கமிட்டிக் கூட்டத்தில் எல்லாம் தீர்ந்துவிட வேண்டும் என்று துடிக்கிற நமக்கு இது தேவையான பாடம். மற்றபடி அன்று காலையில் சொன்ன விசுவாசப் பிரமாணங்களின் வரலாறு பெயர்களும் ஆண்டுகளுமாகவே போயிற்று. பாதியாகக் குறைத்திருக்கலாம்.

இனி, குறை என்று நான் கருதுவதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு நாளிலும் பிரிவினைக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது உபதேசம் மட்டுமே. நம் சபைகள் உண்மையில் எங்கே உடைகின்றன? கமிட்டித் தேர்தலில் உடைகின்றன, சொத்தில் உடைகின்றன, எல்லாவற்றுக்கும் அடியில் சாதியில் உடைகின்றன. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பியபோது, இங்கிருந்து தொலைவில் இல்லாத தஞ்சாவூரிலேயே ஏராளமானோர் சபையை விட்டுப் பிரிந்து போனார்கள். அவர்கள் பிரிந்தது திரித்துவத்தைப் பற்றிய வழக்கில் இல்லை. நிசேயாவுக்கு ஒரு மணி நேரம் கொடுத்த வகுப்பில் இதற்குப் பத்து நிமிடம்கூட இல்லை.

நேரத்தை விடப் பெரிய விடுபடுதல், கலாத்தியர் இரண்டாம் அதிகாரம். அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபினிடத்திலிருந்து யூத விசுவாசிகள் வந்தவுடன் பந்தியை விட்டு விலகியபோது, பவுல் அவனை முகமுகமாய் எதிர்த்ததற்குச் சொன்ன காரணம், அது சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்ற நடத்தையல்ல என்பதே. அங்கே யாரும் வாயால் கள்ள உபதேசம் செய்யவில்லை. தனிப்பந்தியே கள்ள உபதேசமாயிற்று. இந்த வேதபகுதி இல்லாமல் இந்தப் பொருளை நடத்துவது, வீட்டைக் கட்டி வாசலை விட்டுவிடுவதைப் போன்றது என்பது என் கருத்து.

கேள்வி நேரத்தில் இதையே எழுந்து கேட்டேன். “ஐயா, நாமெல்லாரும் மதியம் ஒரே வரிசையில் இலை போட்டுச் சாப்பிட்டோம். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இன்னும் இரண்டு வரிசை இருக்கிறது. அது எந்த அடுக்கில் சேரும்?” என்றேன். பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “முதல் அடுக்கில்தான், அம்மா. அதை நான் சீட்டில் எழுதியிருக்க வேண்டும், எழுதாமல் விட்டது என் தவறு” என்றார். சுற்றி வளைக்காத அந்தப் பதிலுக்காகவே அவரிடம் எனக்கு மதிப்புக் கூடியது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. காலையில் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் சூடாக வந்தன. மதியம் எளிய சைவச் சாப்பாடு, கேட்டுக் கேட்டுப் பரிமாறினார்கள். கைப்பிரதியின் எழுத்து மிகச் சிறியது, ஜெராக்ஸும் மங்கல். கண்ணாடி போட்டவர்கள் சிரமப்பட்டார்கள். புதிய பேருந்து நிலையத்திலிருந்து இடத்தைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளப் பலகையாவது வைத்திருக்கலாம்.

அடுத்த வகுப்பை ஈஸ்டருக்குப் பிறகு கலாத்தியர் நிருபத்தைக் கொண்டே நடத்துவதாகப் புறப்படும்போது சொன்னார்கள். வீட்டுக்கு வந்து, யூதா நிருபத்தின் கடைசிப் பகுதியில் ‘சிலருக்கு இரக்கம் பாராட்டி’ என்று வரும் இடத்தைக் கைப்பிரதியிலிருந்து பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பெரியம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அந்த வீட்டில் படி அதிகமா என்று கேட்டார்கள். நடத்துகிறவர்களிடம் விசாரித்தேன். முகப்புப் பக்கம் உயரமான ஏழு படிகள் இருக்கின்றன. பின்கட்டுத் தெரு வழியாக வந்தால் ஒரே படிதான், முன்கூட்டிச் சொன்னால் அந்தக் கதவைத் திறந்துவைப்பார்களாம். இருவருக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன்.