பெட்டியில் 9900, உள்ளே 1140: செக்யூரிட்டி டார்ச் வாங்குவோர் கவனத்துக்கு

10,000 லூமன், 2 கிலோமீட்டர் வெளிச்சம், 9900 எம்ஏஎச் பேட்டரி, ராணுவத் தர அலுமினியம், தண்ணீர் புகாது. இப்படி விளம்பரம் போட்டு ஆன்லைனில் விற்ற டார்ச், ஒன்று 649 ரூபாய். குடோன் நைட் டியூட்டிக்காக 14 வாங்கியதில் மொத்தம் 9,086 ரூபாய். மூன்று மாதத்தில் உருப்படியாக எரிந்தவை மூன்றே மூன்று. விற்ற கடையின் பெயரைப் போட்டுப் பயனில்லை. அதே சரக்கு வேறு பெயரில், வேறு பெட்டியில் வந்துகொண்டேதான் இருக்கும். பழுதானவற்றைப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்ததை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் செல். உள்ளே இருந்தது 18650 என்ற வகை லித்தியம் அயான் செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதனால் அந்தப் பெயர். இந்த அளவில் உலகின் நல்ல கம்பெனிகள் செய்யும் செல்லின் கொள்ளளவே பெரும்பாலும் 3500, 3600 எம்ஏஎச்சைத் தாண்டுவதில்லை, அபூர்வமாகச் சில மட்டும் 4000ஐ ஒட்டி வரும். ஆகவே 18650 செல்லின் மேல் 6800, 9900 என்று எது அச்சடித்திருந்தாலும் அது பொய். சந்தேகம் வந்தால் எடை போடுங்கள். ஒழுங்கான 18650 செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். இந்த 14 செல்களும் 27 முதல் 31 கிராம் வரைதான். சமையலறைத் தராசு போதும், ஒரு நிமிட வேலை. இப்படி எடை குறைந்த செல்களில் பெரிய உறைக்குள் சின்ன செல்லை வைத்து, மீதி இடத்தைத் தூள் போட்டு நிரப்பியிருப்பதும் உண்டு. அதைப் பார்க்கும் ஆசையில் செல்லை மட்டும் அறுத்துவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.

கொள்ளளவை அளக்க யுஎஸ்பி மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். சார்ஜருக்கும் ஒயருக்கும் நடுவில் செருகும் கட்டைவிரல் அளவுப் பெட்டி அது, சில நூறு ரூபாய்தான். டார்ச்சை முழுதாக எரித்துத் தீர்த்துவிட்டு, மீட்டர் வழியாக முழு சார்ஜ் ஏற்றுங்கள். மலிவு டார்ச்சுகளில் இருப்பது பெரும்பாலும் டிபி4056 வகை சார்ஜிங் ஐசி. அதில் உள்ளே போகும் ஆம்பியரே செல்லுக்கும் போகும் என்பதால், மீட்டர் காட்டும் எம்ஏஎச் கிட்டத்தட்ட செல்லின் உண்மைக் கணக்கு. இங்கே காட்டியது 1140.

இந்த எண்ணை வைத்து ஒரு கணக்கு. 1140 எம்ஏஎச்சை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 4.2 வாட்-மணி. ஒரு வாட்டுக்கு 100 லூமன் என்று தாராளமாகவே வைத்தாலும் 420 லூமனை ஒரு மணி நேரம் தரலாம், அவ்வளவுதான். 10,000 லூமன் என்றால் இரண்டரை நிமிடத்தில் செல் காலி. அதுவும் காகிதக் கணக்கில்தான். 10,000 லூமனுக்கு 100 வாட் வேண்டும், அதற்கு இந்த ஒற்றைச் செல் 27 ஆம்பியர் தள்ள வேண்டும். தள்ளாது. எந்த டார்ச் விளம்பரத்தையும் இந்த ஒரு கணக்கில் போட்டுப் பார்த்தால் பாதிப் பேர் அங்கேயே கழன்றுவிடுவார்கள்.

அடுத்தது தூரம். இங்குதான் வாங்குபவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். லூமன் என்பது டார்ச்சிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம். அது தூரத்தைச் சொல்லாது. தூரத்தைச் சொல்வது கேண்டெலா, அதாவது நடுக்கற்றை எவ்வளவு அடர்த்தி என்பது. காம்பவுண்டின் அந்தக் கோடியில் நிற்பது நாயா ஆளா என்று பார்க்க வேண்டியவருக்குக் கேண்டெலாதான் முக்கியம். அமெரிக்காவில் 2009இல் வந்த எஃப்எல்1 என்ற அளவுமுறையைத்தான் நல்ல டார்ச் கம்பெனிகள் பின்பற்றுகின்றன. ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். எஃப்எல்1 படி, வெளிச்சம் 0.25 லக்ஸுக்கு, அதாவது ஏறக்குறைய பௌர்ணமி நிலவொளி அளவுக்கு, இறங்கும் இடம்தான் அந்த டார்ச்சின் தூரம். நிலவொளியில் ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. எனவே பெட்டியில் நேர்மையாகவே 200 மீட்டர் என்று போட்டிருந்தாலும், ஆளை அடையாளம் காண அதில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை வீட்டிலேயே அளக்கலாம். இருட்டான வராண்டாவில் டார்ச்சிலிருந்து சரியாக 5 மீட்டர் தள்ளி போனை வையுங்கள், லக்ஸ் மீட்டர் ஆப் திறந்திருக்கட்டும். போனின் லைட் சென்சார் பெரும்பாலும் திரைக்கு மேலே, முன்பக்கக் கேமரா பக்கத்தில் இருக்கும். கற்றையின் நடுப்பகுதி அங்கே விழ வேண்டும். காட்டும் லக்ஸை 25ஆல் பெருக்கினால் கேண்டெலா. தூரம் மட்டும் போதுமென்றால் லக்ஸின் வர்க்கமூலத்தைப் பத்தால் பெருக்குங்கள். 400 லக்ஸ் என்றால் 200 மீட்டர். இந்த டார்ச் காட்டியது 64 லக்ஸ். அதாவது 80 மீட்டர். 2 கிலோமீட்டர் போக வேண்டுமானால் அதே 5 மீட்டரில் 40,000 லக்ஸ் காட்டியிருக்க வேண்டும். போன் சென்சார் துல்லியமானதில்லைதான். ஆனால் 64க்கும் 40,000க்கும் நடுவே உள்ள பள்ளத்தை எந்த சென்சார் பிழையாலும் மூட முடியாது.

எரியும் நேரத்தில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. எஃப்எல்1 கணக்குப்படி, வெளிச்சம் ஆரம்ப அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்கும் எரிவதாகவே கணக்கு. ஆகவே நல்ல டார்ச்சின் பெட்டியில் உள்ள 12 மணி நேரத்திலும் கடைசிச் சில மணி நேரம் மினுக்கு மினுக்கென்றுதான் இருக்கலாம். வெளிச்சம் மணிக்கு மணி எப்படி இறங்குகிறது என்ற வரைபடத்தை வெளியிடும் கம்பெனிகள் உண்டு. அதைப் பார்த்து வாங்குங்கள். நம் 649 ரூபாய் சரக்கில் வரைபடமாவது ஒன்றாவது. ஆரம்பத்தில் 100 என்றால் 5ஆவது நிமிடத்தில் 61, 30ஆவது நிமிடத்தில் 27. பிரித்தால் காரணம் தெரிந்தது. கரண்டைக் கட்டுப்படுத்தும் டிரைவர் என்று எதுவும் இல்லை. செல்லும் எல்இடியும் ஒரு ரெசிஸ்டர் வழியாக நேரே இணைந்திருந்தன. செல்லின் வோல்ட் இறங்க இறங்க வெளிச்சமும் கூடவே இறங்கும்.

சூடு அடுத்த வில்லன். எல்இடி உட்கார்ந்திருக்கும் தட்டுக்கு அடியில் கெட்டியான அலுமினியமோ செம்போ இருந்து, அது டார்ச்சின் உடம்போடு இறுக்கமாகச் சேர்ந்திருந்தால்தான் சூடு வெளியே வரும். இதில் அடியில் வெறும் ஓட்டை. தட்டு விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் சூடு கடத்தும் தெர்மல் பேஸ்ட் ஒரு துளி. பிடித்தால் உடம்பு சூடே ஆகவில்லை, ஆகா நல்ல டார்ச் என்று நினைப்பீர்கள். உண்மையில் சூடு எல்இடியை விட்டு வெளியே வரவே இல்லை என்று அர்த்தம். நான்கு டார்ச்சுகளில் எல்இடி நீலமாக மாறிவிட்டது. மேலே பூசியிருக்கும் மஞ்சள் பாஸ்பர் கருகினால் அப்படித்தான் ஆகும். எல்இடி பெயரையும் நம்பாதீர்கள். கிரீ கம்பெனியின் வரிசையில் எக்ஸ்எச்பி 50, 70 எல்லாம் உண்டு. எக்ஸ்எச்பி 160, 360 என்று விளம்பரத்தில் வருபவை அவர்கள் செய்தவை அல்ல.

தலையை இழுத்தால் கற்றை குறுகும் ஜூம் டார்ச், காவல் வேலைக்கு வேண்டவே வேண்டாம். முழுதாக இழுத்தால் சுவரில் சதுரமாக எல்இடியின் படமே விழும், சுற்றிலும் கும்மிருட்டு. இடப்பக்கம் எவனாவது பதுங்கியிருந்தால் தெரியாது. அதோடு, ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் தலை சைக்கிள் பம்ப் மாதிரி வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. மழையில் காற்றோடு தண்ணீரும் போகும். ஐப்பசி மழையில் ஐந்து டார்ச் செத்தது இப்படித்தான். அசையாத தலை, ரிஃப்ளெக்டர், அக்ரிலிக்குக்குப் பதில் கண்ணாடி லென்ஸ், ஒவ்வொரு திருகு மூட்டிலும் ரப்பர் ஓ-ரிங். இவை இருந்தால்தான் ஐபிஎக்ஸ்7 என்ற சொல்லுக்கு மதிப்பு. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள்.

பட்டனைப் பற்றி வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. இந்த டார்ச்சில் ஒவ்வொரு அழுத்துக்கும் ஹை, மீடியம், லோ, ஸ்ட்ரோப் (கண் கூச வேகமாக மினுக்குவது), எஸ்ஓஎஸ் (ஆபத்து சைகை) என்று சுற்றி வரும். கேட்டில் வண்டியை நிறுத்திச் சோதிக்கும்போது டிரைவர் கண்ணில் ஸ்ட்ரோப் அடித்தால் சண்டைதான் வரும். வேண்டியது பின்பக்க ஃபார்வர்டு கிளிக் பட்டன். பாதி அழுத்திப் பிடித்தால் எரியும், விட்டால் அணையும், முழுதாக அழுத்தினால் கையை எடுத்தாலும் எரிந்துகொண்டே இருக்கும். எப்போது போட்டாலும் ஒரே மோடில் எரிய வேண்டும், ஸ்ட்ரோப் தனிப் பட்டனில் இருக்க வேண்டும்.

சார்ஜிங்கில் இரண்டு குறை. டைப்-சி போர்ட் இருந்தும், இரு முனையும் டைப்-சியாக உள்ள ஒயரில் சார்ஜ் ஏறவில்லை. போர்ட்டில் வைக்க வேண்டிய இரண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை மிச்சப்படுத்திவிட்டார்கள். பழைய யுஎஸ்பி-ஏ முனை ஒயரில் மட்டுமே ஏறியது. இரண்டாவது குறை ஆபத்தானது: வோல்ட் மிகவும் இறங்கினால் தானே அணைக்கும் பாதுகாப்பு சர்க்யூட் இல்லை. மறந்து எரியவிட்ட ஒரு டார்ச்சின் செல் மல்டிமீட்டரில் 1.9 வோல்ட் காட்டியது. 2.5 வோல்ட்டுக்குக் கீழே போன லித்தியம் செல்லைத் திரும்பச் சார்ஜ் போட்டால் உள்ளேயே ஷார்ட் ஆக வாய்ப்புண்டு. அதை மறுபடி பயன்படுத்தாமல் கழித்துவிடுவதுதான் வழி.

சுவரில் செருகும் பழைய பிளாஸ்டிக் டார்ச் இதைவிட மேல் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் இருப்பது 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, ஒரு வாரம் சார்ஜ் இல்லாமல் கிடந்தாலே சல்பேட் படிய ஆரம்பிக்கும். மலிவானவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, 230 வோல்ட் நேரே கபாசிட்டர் வழியாக உள்ளே வருகிறது. உடைந்த உறையோடு செருகினால் ஷாக் அடிக்கும்.

சரி, என்ன வாங்குவது? 12 மணி நேர டியூட்டிக்கு 21700 செல் போடும் டார்ச் நல்லது. 21 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீளம், 70 கிராமை ஒட்டிய எடை, உண்மையான 5000 எம்ஏஎச் கிடைக்கும். மேலே போட்ட அதே கணக்கில் இது 150 லூமனை 12 மணி நேரம் தரும். ரவுண்ட்ஸ் நடக்க 150 தாராளம். சந்தேகம் வந்தால் அடிக்க 1,000 லூமன், 10,000 முதல் 20,000 கேண்டெலா. கூடவே ஒரு ஸ்பேர் செல், பிளாஸ்டிக் டப்பாவில். சாவிக்கொத்து இருக்கும் பாக்கெட்டில் செல்லைப் போடவே கூடாது. பாதுகாப்பு சர்க்யூட் ஒட்டிய செல் சில மில்லிமீட்டர் நீளம் கூடுதலாக இருக்கும், டார்ச்சுக்குள் அடங்குமா என்று பார்த்து வாங்குங்கள். பெட்ரோல் பங்க், கேஸ் குடோன், பெயிண்ட் கிடங்கு என்றால் எவ்வளவு விலை உயர்ந்த சாதாரண டார்ச்சும் ஆகாது. பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான பெசோவின் அனுமதி உள்ள ஃபிளேம்ப்ரூஃப் டார்ச், அதாவது உள்ளே பொறி பறந்தாலும் வெளியே தீ பரவாத டார்ச் மட்டுமே.

பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, மாதம், வருடம், எம்ஆர்பி, புகார் எண் இவையெல்லாம் சட்டப்படி இருக்க வேண்டும். இந்தப் பெட்டியில் எம்ஆர்பி மட்டும்தான். லித்தியம் செல்லுக்கு ஐஎஸ் 16046 என்ற தரத்தின்படி பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். ஆர் எழுத்தும் எட்டு இலக்கமும் கொண்ட எண் இருக்கும். அதை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வரும். இங்கே வந்தது வேறு ஏதோ பொருளின் எண்.

புகார் சொன்னதும் விற்றவர் கொடுத்த பதில், ஏழு நாள் தாண்டிவிட்டது என்பது. இரண்டு நாளில் விளம்பரத்தில் இருந்த 10,000 லூமன் காணாமல் போய், ஹை பவர் என்று மாறியிருந்தது. ஆகவே காசு கட்டும் முன்பே விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். எடை, யுஎஸ்பி மீட்டர், லக்ஸ் மூன்று சோதனையையும் ரிட்டர்ன் நாள் முடியும் முன் செய்யுங்கள். 14 வாங்குவதாக இருந்தால் முதலில் ஒன்று மட்டும் வாங்குங்கள். 2020ஆம் வருட இ-காமர்ஸ் விதிப்படி, தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் ஒரு சிக்கல்: வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் சட்டத்தின் கணக்கில் நுகர்வோர் அல்ல. கம்பெனி பெயரில் பில் போட்டிருந்தால் எதிர்த் தரப்பு முதலில் இதைத்தான் பிடிக்கும்.

செத்துப்போன செல்களைக் குப்பை வண்டியில் போடாதீர்கள். நசுங்கினால் வண்டிக்குள்ளேயே பற்றிக்கொள்ளும். இரு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஒன்றோடொன்று உரசாமல் டப்பாவில் வைத்து, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.